நெட்டையும் நொட்டாங்கையும்

தன் பெண்டாட்டி ஒரு காலத்தில் டென்னிஸ் ஆடி ஊர் ஊராகப் பறந்தவள் என்பது டயர்க்காரருக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்த விஷயம் கட்டினவனுக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் ஒரு பந்தைக் கையில் எடுத்து அவர் பார்த்ததில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கி, சாக்பீஸால் வட்டம் போடுகிறவளாகத்தான் அவளை அவருக்குப் பழக்கம்.

அவள் வந்து சேர்ந்ததே டயர்க் கதைதான். ஒரு மத்தியான வெயிலில் காற்றுப் போன காரோடு கடை வாசலில் வந்து நின்றாள். இவர் நட்டில் ஸ்பானரை மாட்டித் தொங்கிப் பார்த்தார். துருப்பிடித்த நட்டு அசைவேனா என்றது. "கொஞ்சம் தள்ளுங்க" என்று அவரை விலக்கிவிட்டு, இடது கையால் ஒரே இழு. கீச்சென்று கழன்று வந்தது. அன்றைக்குத் தம்பிக்கும் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது என்று அவருடைய அக்கா இன்றைக்கும் கேலி பண்ணுவாள். பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்க் கிடந்த மனுஷன், சக்கரத்தை மாட்டி முடிப்பதற்குள் முடிவு பண்ணிவிட்டார். அவள் முடிவு பண்ண இன்னும் நாலு பஞ்சர் தேவைப்பட்டது.

அந்தக் கை கீழே எதையும் இழுக்கும், திருகும், தூக்கும். தோளுக்கு மேலேதான் போகாது. போனால் முகம் சுருங்கிவிடும். அதனால் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது அக்கா. இரவு படுக்கப் போகும்முன் தோளில் இருக்கும் அறுவைத் தழும்பின்மேல் தைலம் தேய்த்துவிடுவதும் அக்காதான். தன் புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து இருந்துவிட்ட அக்காவுக்குக் கை எவ்வளவு மென்மையோ வாய் அவ்வளவு கூர்மை.

அந்த வாரம் பூராவும் அனல் காற்று. தார் ரோட்டில் புழுதி பாம்பு மாதிரி நெளிந்து ஓடியது. லாரி டயர்கள் சூட்டில் வெடித்து வெடித்து வந்துகொண்டிருந்ததால் கடையில் மூச்சுவிட நேரமில்லை. அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள், இறங்கினாள், இறங்கிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு உயரம்.

"ஏ நொட்டாங்க! என்னடி இது, கையெல்லாம் கரி!"

தொட்டிப் பக்கம் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். முகம் விரிந்தது.

"நெட்டை! நீ இன்னும் வளந்துக்கிட்டேதான் இருக்கியா?"

இருவரும் கட்டிக்கொண்டதில் நெட்டையின் வெள்ளைச் சட்டை முதுகில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்துவிட்டன. பத்து வருஷத்துக்கு மேல் ஜோடியாக ஆடியவர்கள். ஒருத்தி இடதுகைக்காரி, ஒருத்தி பனைமரம். டென்னிஸ்காரர்கள் மத்தியில் நெட்டையும் நொட்டாங்கையும் என்றால்தான் தெரியுமாம்.

நெட்டை வந்த காரியத்தை நின்ற இடத்திலேயே போட்டு உடைத்தாள். ஊர் ஸ்டேடியத்தில் பெண்களுக்கான போட்டி நடக்கிறது. அவளோடு இப்போது சேர்ந்து ஆடுகிற பெண் முந்தின நாள் பயிற்சியில் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேற பேரு குடுக்கணும். நடத்துறவங்ககிட்ட கேட்டுட்டேன். ஊர்க்காரப் பொண்ணுன்னா தாராளமா எடுத்துக்கறோம்னுட்டாங்க. இதோட நானும் மூட்டை கட்டிடறேன்டி. ஒரே ஒரு மேட்ச், நாளன்னிக்குச் சாயங்காலம். வா."

"நான் விட்டு அஞ்சு வருஷமாச்சு."

"விட்டேன்னு எங்க எழுதிக் குடுத்த? வராம இருந்த, அவ்ளோதான்."

நொட்டாங்கை டியூபைத் திரும்பவும் தண்ணீரில் அமுக்கினாள். தேவைக்கு அதிகமாகவே அமுக்கினாள். "அந்த ஸ்டேடியம் கேட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்றாள் தண்ணீரைப் பார்த்தபடி.

வந்தவளைச் சாப்பிடாமல் அனுப்ப அக்காவுக்கு மனசு வராது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சூடான ரொட்டியும் உருளைக்கிழங்கும் முட்டையுமாக மேஜை நிறைந்தது. நெட்டை தின்ற வேகத்தைப் பார்த்து அக்கா இன்னும் நாலு முட்டையை உடைத்துப் போட்டாள்.

"அண்ணே, உங்க வீட்டுக்காரி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் நெட்டை.

"சும்மா இருடி" என்றாள் நொட்டாங்கை.

"நீ சும்மா இரு. நாங்க கிளம்பினப்ப எங்களுக்குப் பதினாறு வயசுண்ணே. மூணு பேரு படுக்கற ரூம்ல ஏழு பேரு படுப்போம். கட்டில் எனக்குப் பத்தாது, அதனால நான் எப்பவும் தரை. துணியை வாளியில அலசி ராக்கெட் மேல காயப்போட்டா, காலையில சட்டை பூரா கட்டம் கட்டமா இருக்கும். ஒரு வாரம் ரொட்டியும் வாழைப்பழமுமா ஓட்டினோம். எட்டாவது நாள் இவ ஒரு போட்டியில ஜெயிச்சு வந்து, 'நெட்டை, இன்னிக்குச் சூப் குடிக்கலாம்'னா. அந்தச் சூப்போட ருசி இன்னும் என் நாக்குல இருக்கு."

"உப்பே இல்ல அதுல" என்றாள் நொட்டாங்கை, தன்னை மீறி.

"உப்பு இல்லதான், அத யாரு பாத்தா! அப்புறம் அந்தப் பெரிய போட்டி. எதிர்ல ஆடினவங்க ஒரு வருஷமா யாருகிட்டயும் தோக்காதவங்க. இவளுக்கு நல்ல ஜுரம், உடம்பு கொதிக்குது. கடைசிப் பாயிண்டு. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அடிச்சா பாருங்க! நீ எடுப்பேன்னு ஒருத்தி நின்னா, நீ எடுப்பேன்னு இன்னொருத்தி நின்னா. பந்து அது பாட்டுக்குப் போயிடுச்சு. அந்த வருஷம் ஜோடி ஆட்டத்துல உலகத்துலயே முதல் நாப்பது பேர்ல நாங்க இருந்தோம்ண்ணே. உலகத்துலயே!"

டயர்க்காரர் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். உலகத்தில் நாற்பது பேரில் ஒருத்தி தன் கடையில் உட்கார்ந்து வால்வு மூடி தேடிக்கொண்டிருக்கிறாள் என்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்புறம் ஏன் விட்டா?" என்று கேட்டாள் அக்கா.

நெட்டையின் குரல் இறங்கியது. "தோளு. அறுத்துத் தைச்சு, ஊசி போட்டு, அதோடயே ரெண்டு வருஷம் ஆடினா. கடைசியா இங்கதான், இந்த ஊர்லதான். சொந்த ஊருன்னு சனம் காசு குடுத்து வந்து நிரம்பி வழியுது. பாதி ஆட்டத்துல கை நின்னுபோச்சு. வலையாண்ட போய், தோத்தேன்னு கையக் குடுத்துட்டு வெளிய நடந்துட்டா. கை போச்சுன்னு யாருக்குத் தெரியும்? காசு வாங்கிட்டு ஆட்டத்த வித்துட்டா, வித்துட்டான்னு கூட்டம் கத்துது. இவ திரும்பிப் பாக்கவே இல்ல."

அக்காதான் முதலில் எழுந்து தட்டுகளை அடுக்கினாள்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தினம் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்க்கிறவ நான். அது எங்க எங்க முடிச்சுப் போட்டிருக்குன்னு இந்த விரலுக்குத்தான் தெரியும். மறுபடி பிச்சுக்கிட்டா யாரு பாக்கறது? ஆடவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நான்தான் ஆடலேன்னு சொல்லிட்டேனே அண்ணி" என்றாள் நொட்டாங்கை.

ஆனால் சொன்ன விதம் டயர்க்காரருக்குச் சரியாகப் படவில்லை. எங்கேயோ ஊசிமுனை அளவு ஓட்டையில் காற்றுக் கசிகிற சத்தம் அதில் இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு லாரி வந்து நின்றது. பின்சக்கரம் பப்படமாக உட்கார்ந்திருந்தது. டயர்க்காரர் ஜாக்கி போட்டுத் தூக்க, நொட்டாங்கை நட்டுகளைக் கழற்றினாள். லாரிக்காரர் டீ குடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ன எங்கயோ பாத்திருக்கேனேம்மா... ஆங்! டென்னிஸ்! எனக்கு அந்த ஆட்டம்னா உசிரு. அன்னிக்கு லோடக்கூட இறக்காம வந்து பாத்தேன். பாதியில கையக் குடுத்துட்டுப் போயிட்டியே." பிறகு டயர் விலை கேட்கிற மாதிரியே, கொஞ்சமும் கெட்ட எண்ணமில்லாமல் கேட்டார்: "எவ்வளவும்மா வாங்கின?"

டயர்க்காரர் கையில் இருந்த இரும்பு லிவரோடு எழுந்தார்.

"ஏங்க, அதக் கீழ வைங்க" என்றாள் நொட்டாங்கை. அவள் குரல் உயரவே இல்லை. ஓட்டையைக் கண்டுபிடித்து, உரசி, பசை தடவி, ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினாள். டியூபை உள்ளே தள்ளி, காற்றடித்து, சக்கரத்தை மாட்டி, கடைசி நட்டை முறுக்கி முடித்த பிறகுதான் லாரிக்காரரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் வாங்கலண்ணே. கை போச்சு. நாளைக்கு சாயங்காலம் அதே எடத்துல ஆடறேன். வந்து பாருங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. கன்னம் சிவந்து, கண் பளபளத்து, டயர்க்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க! மத்தியானத்துக்குள்ள பேரு குடுக்கணுமாம். வண்டிய எடுங்க!"

அவருக்கு எங்கிருந்து அவ்வளவு சந்தோஷம் வந்ததென்று தெரியவில்லை. காசு வாங்க மறந்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கி, மினி வேனைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்.

அதற்குப் பிறகு இருந்தது ஒன்றரை நாள். பயிற்சிக்கு ஒரு ஓரத்து மைதானம் கிடைத்தது. டயர்க்காரர் கடையிலிருந்து பழைய டயர்களை ஏற்றி வந்து, அவள் சொன்ன மூலைகளில் கிடத்தினார். அவர் ஒரு கூடைப் பந்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வீச, அவள் அடித்தாள். முதல் பந்து வலையில் போய் முட்டியது. இரண்டாவது சுவரைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டது. நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரைமணி நேரம் போனதும் ஒரு பந்து டயரின் நடு ஓட்டையில் 'டொப்'பென்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக டொப், டொப், டொப்.

டயர்க்காரர் வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் குனிந்தே இருக்கிற உடம்பு அது. இங்கே முழங்கால் மடிந்து, இடுப்பு திரும்பி, கை சாட்டை மாதிரி சொடுக்கியது. வேறு யாரோ ஒருத்தியை முதல்முறை பார்ப்பதுபோல் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"என்னங்க, வீசுங்க!"

"இரு, கை வலிக்குது" என்று பொய் சொன்னார்.

சர்வீஸ்தான் தகராறு. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகும்போதெல்லாம் முகம் சுருங்கியது. "வேகமே வேணாம்டி, வளைச்சுப் போடு. மீதிய நான் வலையாண்ட பாத்துக்கறேன்" என்றாள் நெட்டை. அன்று வீட்டுக்கு வந்தபோது அக்கா யாரிடமும் பேசவில்லை. ஆனால் தைலத்தைச் சுட வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு நான் வரமாட்டேன்" என்றாள் தேய்த்துக்கொண்டே. "கண்ணால பாக்க முடியாது."

ஆட்டத்தன்று சாயங்காலம் எல்லாரையும்விட முதலில் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தவள் அக்காதான்.

ஸ்டேடியத்தில் பாதி இருக்கைகள் நிறைந்திருந்தன. காற்று நின்றபாடில்லை, கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. டயர்க்காரர் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு உருவம் நகர்ந்து வந்தது. லாரிக்காரர்.

"சொன்ன மாதிரி வந்துட்டேண்ணே" என்றார். டயர்க்காரர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எதிரே இரண்டு பெண்கள், பத்தொன்பது இருபது வயது, துள்ளித் துள்ளி நின்றார்கள். நொட்டாங்கையின் முதல் சர்வீஸ் வலையில். இரண்டாவது வெளியே. மேல் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "இன்னிக்கு எவ்வளவுக்குப் பேசியிருக்கே?"

சிலர் சிரித்தார்கள். டயர்க்காரர் எழுவதற்குள் பக்கத்தில் இருந்த அக்கா எழுந்துவிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, படிப்படியாக ஏறி, அவன் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனையே பார்த்தாள். அதன் பிறகு மேலே இருந்து சத்தமே இல்லை.

முதல் செட் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. ஆறுக்கு இரண்டு. டயர்க்காரர் கேட்காமல் இருக்க முடியாமல் லாரிக்காரரிடமே கேட்டார்: "பதினஞ்சு, முப்பதுங்கறாங்க. அடுத்து நாப்பத்தஞ்சுதானே? நாப்பதுங்கறாங்களே, அந்த அஞ்ச யாரு தின்னா?"

"அதயெல்லாம் கேக்கக் கூடாதுண்ணே. அது அப்படித்தான்" என்றார் லாரிக்காரர். "அங்க பாருங்க, அங்க பாருங்க! முதுகுக்குப் பின்னால வெரல்ல சைகை காட்டறா பாருங்க நெட்டை! பழைய ஆட்டம் வந்திருச்சு!"

வந்துதான் விட்டது. ஒருத்தி முன்னே போனால் ஒருத்தி தானாகப் பின்னே நகர்ந்தாள். ஒருத்தி கையை எடுத்தால் அந்த இடத்தில் மற்றவள் கை இருந்தது. இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. நெட்டை வலையோரம் நின்று பறக்கிறதையெல்லாம் அடித்து இறக்கினாள். நொட்டாங்கையின் பந்துகள் காற்றில் வளைந்து கோட்டைத் தடவிக்கொண்டு போயின. இரண்டாவது செட் ஏழுக்கு ஐந்து என்று இவர்கள் பக்கம் விழுந்தபோது அரங்கமே எழுந்து நின்றது.

"இனி முதல்ல பத்து எடுக்கறவங்களுக்கு ஜெயம். ஆனா ரெண்டு வித்தியாசம் வேணும்" என்று விளக்கினார் லாரிக்காரர். டயர்க்காரர் அவர் கையை எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியாது.

நாலுக்கு நாலு. ஆறுக்கு ஆறு. எட்டுக்கு எட்டு. அந்தச் சின்னப் பெண்களும் விட்டுக்கொடுக்கிற ரகமில்லை. ஒரு நீளமான சண்டையில் நொட்டாங்கை தலைக்கு மேலே எம்பி அடித்தாள். பந்து வெளியே போனது. எட்டுக்கு ஒன்பது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அரங்கம் அமைதியானது. எல்லோருக்கும் அஞ்சு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நெட்டை அருகே வந்து ஏதோ கேட்டாள். நொட்டாங்கை வலைப் பக்கம் பார்த்தாள். டயர்க்காரர் பாதி எழுந்தார். வந்துடு, போதும், வந்துடு என்று ஒரு மனசு சொன்னது. போயிடாதே என்று இன்னொரு மனசு.

மேலேயிருந்து அக்காவின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஏ நொட்டாங்க! கையத் தூக்க முடியலேன்னா கீழேருந்து போடுடி! கீழேருந்து போடக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"அமைதி, தயவு செய்து அமைதி" என்றார் நடுவர்.

"என் தம்பி பொண்டாட்டி! நான் கத்தாம யாரு கத்துவா?"

நொட்டாங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. கோட்டுக்குப் போய் நின்றாள். இதைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. பந்தைத் தரையில் தட்டினாள். பிறகு கையைத் தூக்காமலே, தொட்டியிலிருந்து டியூபை எடுக்கிறவள் மாதிரி தாழ்வாக வீசிச் சீவினாள். எதிர்க்காற்றில் பந்து மிதந்து போய், வலையைத் தாண்டி, விழுந்த இடத்திலேயே நின்றுவிடப் பார்த்தது. தூரத்தில் நின்ற பெண் தலைதெறிக்க ஓடி வந்தாள். எட்டவில்லை.

ஒன்பதுக்கு ஒன்பது. இடம் மாறினார்கள். இப்போது காற்று இவர்கள் முதுகுக்குப் பின்னால்.

மறுபடி கீழேதான் வரும் என்று எதிரே இருந்த மற்றப் பெண் நன்றாக முன்னே வந்து நின்றுகொண்டாள். நொட்டாங்கை பந்தைத் தட்டினாள், நிமிர்ந்து பார்த்தாள், கையைத் தூக்கினாள். தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, முழுசாக. டயர்க்காரர் தன் தோளைப் பிடித்துக்கொண்டார். பந்து வளைந்து வந்து அந்தப் பெண்ணின் இடுப்பிலேயே புகுந்தது. அவள் எப்படியோ தடுத்ததில் பந்து மேலே கிளம்பியது; நெட்டை ஒரே அடி. பத்துக்கு ஒன்பது!

அடுத்தது எதிராளியின் சர்வீஸ். நொட்டாங்கை அதை உயரத் தூக்கி அனுப்பினாள். பந்து போனது, போனது, காற்று அதை இன்னும் தள்ளியது. இரண்டு பெண்களும் அண்ணாந்தபடி பின்னாலேயே ஓடினார்கள். வெளியேதான் போகிறது என்று லாரிக்காரர் முனகினார். பந்து பின்கோட்டின்மேல், சரியாகக் கோட்டின்மேல் விழுந்து தாவிப்போனது.

அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று சொல்வது கஷ்டம். நெட்டை நொட்டாங்கையை இடுப்பில் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். லாரிக்காரர் டயர்க்காரரை அதே மாதிரி தூக்கப் பார்த்து முடியாமல் இருவரும் பெஞ்சிலிருந்து விழுந்தார்கள். மேல் வரிசையில் அக்காவும் அந்தக் கத்தினவனும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள். "பாத்தியாடா? எங்க வீட்டுப் பொண்ணு!" என்று அக்கா அவன் முதுகில் அறைந்துகொண்டிருந்தாள். அவனோ "கோட்டுலக்கா, கோட்டுல!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான்.

டயர்க்காரர் வேலிக் கம்பியோரம் போய் நின்றார். நொட்டாங்கை வேர்வையும் புழுதியுமாக ஓடி வந்தாள்.

"வலிக்குதா?" என்றார்.

"உசிரு போகுது" என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக.

வேனில் பின்னால் நெட்டை காலை நீட்டிப் படுத்துவிட்டாள். முன்னால் மூன்று பேர். அக்கா ஐஸ் மூட்டையை நொட்டாங்கையின் தோளில் வைத்து அழுத்திக்கொண்டு, "ஜெயிச்சாச்சு. போதும் சாமி. போனதும் தைலம், சாப்பாடு, தூக்கம். நாளைக்குக் கடைய நேரத்தோட தொறக்கணும்" என்றாள்.

பின்னாலிருந்து நெட்டை சொன்னாள்: "நாளைக்கு எத்தனை மணின்னு இன்னும் போடலக்கா."

"எது எத்தனை மணி?"

"ரெண்டாவது ரவுண்டு."

ஜெயித்தால் மறுபடி ஆட வேண்டியிருக்கும் என்று அக்காவுக்கும் தம்பிக்கும் தோன்றியிருக்கவே இல்லை.

"ஒரே ஒரு மேட்ச்னு சொன்னியேடி!" என்று அலறினாள் அக்கா.

"தோத்திருந்தா ஒண்ணுதான். ஜெயிச்சுத் தொலைச்சிட்டோம், நான் என்ன பண்ண?"

நொட்டாங்கைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து, தோள் வலித்து, வலித்ததற்கும் சிரித்தாள். அக்காவும் எவ்வளவு நேரம்தான் முறைப்பாள்?

கடைத்தெரு முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. டயர்க்காரர் வண்டியை நிறுத்தினார். மேற்கே வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. அப்போது யாரும் கேட்காமலே நொட்டாங்கை பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒரு தடவை மழையில மாட்டிக்கிட்டோம். ஊர் பேருகூட மறந்துபோச்சு. ரெண்டு நாளா மழை, ஆட்டம் நிக்கிது, ஆரம்பிக்கிது, நிக்கிது. நானும் இவளும் ஒரு ரூம்ல எதிராளிங்களோடயே உக்காந்து சீட்டாடினோம். அவங்க மொழி எங்களுக்குத் தெரியாது, எங்க மொழி அவங்களுக்குத் தெரியாது. ஆனா அந்தப் பொண்ணு சீட்டுல கள்ளாட்டம் ஆடினா பாருங்க..."

மூன்று வருஷத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் கதை. டயர்க்காரர் ஸ்டியரிங்கில் சாய்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரனை அமுக்கின.

"பச்சை விழுந்தாச்சுங்க. போங்க."

"போறேன்" என்று கியரைப் போட்டார் அவர். "நீ நிறுத்தாத."